முதலில் சூடு, பிறகுதான் பால்!

பிரேசர் டவுன் தெருப் பூனைகளின் குளிர்காலம்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். பெங்களூருவில் தை வரை காத்திருக்க வேண்டியதில்லை. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானாலே போதும். சென்னையில் மழை கொட்டும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரில் வெயில் தலைகாட்டாது, தூறல் நிற்காது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த நாட்களில் பெங்களூரு பட்டப்பகலில் நடுங்கியது. தெருவில் பிறந்த பூனைக்குட்டிகளுக்கு இப்படிப்பட்ட நாட்கள்தான் கண்டம்.

இத்தனைக்கும் இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளின் வெப்பநிலை சராசரியாக 15, 16 டிகிரிதான். நகரத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரி 13-ல் பதிவானது. நன்றாகச் சாப்பிடும் பெரிய பூனை இந்தக் குளிரைச் சமாளித்துவிடும். பிறந்து மூன்று, நான்கு வாரம்கூட ஆகாத குட்டியால் முடியாது. தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. முதல் வாரத்தில் நடுங்கக்கூட வராது. தாயின் வயிற்றுச் சூடுதான் அதற்கு எல்லாம். ரோமம் நனைந்துவிட்டால் 16 டிகிரியே எமனாகிவிடும்.

குளிர்நாடுகளில் பகல் பொழுது சுருங்கும்போது பூனைகளின் இனப்பெருக்கமும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நம் பக்கம் பகல் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. அதனால் டிசம்பரிலும் இங்கே குட்டிகள் பிறக்கின்றன.

எலிக்குப் பயந்து எழுந்த பேட்டை

1898-ல் பெங்களூருவைப் பிளேக் உலுக்கியது. நெரிசல் மிகுந்த கன்டோன்மென்ட் பகுதிக்கு மாற்றாக, எலி அண்டாத, காற்றோட்டமான வீடுகளுடன் ஒரு புதுக் குடியிருப்பு வேண்டும் என்று திட்டமிட்டார்கள். 1906-ல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தக் குடியிருப்புக்கு, அப்போது மைசூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் வைக்கப்பட்டது. இன்றைய அரசுப் பெயர் புலிகேசி நகர் என்றாலும் ஆட்டோக்காரரிடம் பிரேசர் டவுன் என்றுதான் சொல்கிறோம்.

அதே காலத்தில் இன்றைய மகாராஷ்டிராவின் அமராவதியில் பணியாற்றிய ஆண்ட்ரூ புக்கானன் என்ற ராணுவ மருத்துவர், பிளேக்கைத் தடுக்கப் பூனை வளர்க்கச் சொன்னார். பூனைகள் நிறைய இருக்கும் ஊர்களில் நோய் குறைவு என்று 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழிலும் எழுதினார். பூனைக்கே பிளேக் தொற்றும் என்பது பிற்பாடு தெளிவானது. ஆனால் எலி இருக்கும் ஊருக்குப் பூனை வேண்டும் என்ற எண்ணம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது.

பிரேசர் டவுனில் பூனைக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மாஸ்க் ரோட்டின் கறிக்கடைகளும் பிரியாணிக் கடைகளும் பார்த்துக்கொள்ளும். இப்போது குறைந்துவருவது தங்குமிடம். ஓட்டு வீடுகளும் பழைய பங்களாக்களும் இடிந்து அடுக்குமாடிகளாகிவிட்டன. பரண் இல்லை, விறகுக் கொட்டகை இல்லை. குளிர் இரவில் பூனைக்குக் கிடைக்கும் ஒரே கதகதப்பு, அப்போதுதான் வந்து நின்ற காரின் இன்ஜின். காலையில் வண்டியை எடுக்கும் முன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். டயருக்கு மேலும் எட்டிப் பாருங்கள்.

குட்டியைக் கண்டால்...

தனியாகக் கிடக்கும் குட்டி எல்லாம் அநாதை இல்லை. தாய் இரை தேடப் போயிருக்கலாம். உடம்பு உலர்ந்து, வயிறு நிறைந்து தூங்கும் குட்டியைத் தொடாமல், சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள்.

நனைந்து, சில்லிட்டு, முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தால் தயங்காமல் எடுங்கள். சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்தால் உள்ளேயும் ஜில்லென்று இருக்கும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பாவம், பசிக்குமே என்று உடனே பாலை ஊற்றிவிடுகிறார்கள். குளிர்ந்துபோன குடல் வேலை செய்யாது. விழுங்கும் சக்தியும் இருக்காது. பால் நுரையீரலுக்குள் போய் உயிரே போய்விடும். முதலில் ஈரத்தைத் துடையுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். நேராக உடம்பில் படக்கூடாது. குட்டி மெல்ல மெல்லச் சூடேறட்டும். உடம்பு வெதுவெதுப்பாகித் தலையைத் தூக்கி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகே பால். பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். கால்நடை மருத்துவரைக் கேட்டு, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கலந்து, குட்டியைக் குப்புற வைத்துக் கொடுங்கள். மல்லாத்தி ஊட்டாதீர்கள். பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடிவிட்டால்தான் அது சிறுநீர் கழிக்கும். தாய் நக்கிவிடுவது அதற்காகத்தான்.

பெரிய பூனைகள் குளிருக்கு ஒதுங்க, மீன் கடையில் வீசும் தெர்மாகோல் பெட்டி போதும். கழுவிக் காயவைத்து, பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் வையுங்கள். உள்ளே பழைய துணி வேண்டாம்; ஈரத்தை உறிஞ்சி இன்னும் சில்லிடும். வைக்கோல்தான் சரி.

தும்மலுக்கும் காய்ச்சலுக்கும் வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைக் கொடுக்கவே கூடாது. பாதி மாத்திரையே பூனையின் உயிரைக் குடித்துவிடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த பிரியாணி மிச்சமும் ஆகாது. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள்.

அடுத்த குளிருக்கு முன்

சிகிச்சைக்கு ஹெப்பாளில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிரிஸ்டல் ரோஜர்ஸ் 1991-ல் தொடங்கிய ‘கியூபா’ (CUPA) போன்ற விலங்கு நல அமைப்புகளும் இந்த ஊரில் இயங்குகின்றன. ஆனால் மீட்பு மட்டும் போதாது. பெட்டைப் பூனை ஐந்தாம் மாதத்திலேயே சினைப்பிடிக்கும். ஒன்பது வாரத்தில் ஈனும். பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினையாகும். சோறு மட்டும் வைத்துக் கருத்தடை செய்யாமல் விட்டால், அடுத்த மழையில் நனையப்போகும் குட்டிகளுக்கு நாமே வழி செய்கிறோம்.

தெரு நாய்களுக்கான கருத்தடைத் திட்டத்தைச் சென்னையின் ப்ளூ கிராஸ் 1964-லேயே தொடங்கிவிட்டது. பூனைகளோ பெரும்பாலும் தெருவாசிகளின் தயவில்தான் இருக்கின்றன. வளர்த்த பூனையைத் தெருவில் விடுபவர்களும் உண்டு. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

உங்கள் தெருவில் தினமும் சாப்பாட்டுக்கு வரும் பூனை ஒன்றாவது இருக்கும். அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஆபரேஷனுக்கான பணம் சேர்ந்துவிடும். அடுத்த கார்த்திகைக்குள் அந்த ஒரு பூனைக்காவது கருத்தடை செய்துவிடுங்கள்.