வாடகைக் காரும் வீட்டுக் கணக்கும்

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதற்பேச்சு யாத்திரையைப் பற்றியதாகவே இருக்கும். தாடிக்கொம்பு, அகரம், வேடசந்தூர் முதலிய ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கு வேளாங்கண்ணித் திருத்தலம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. முதியோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பேருந்து மாறி மாறிச் செல்வதைவிட, ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொள்வதே நலம் எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், புறப்படும்போது பேசிய தொகை ஒன்றும், திரும்பி வந்து கணக்குத் தீர்க்கும்போது கேட்கப்படும் தொகை வேறொன்றுமாக ஆகிவிடுவதுண்டு. யாத்திரையின் அமைதி வீட்டு வாசலிலேயே கலைந்துவிடுகிறது. எனவே, வாடகையை எவ்வாறு குறைக்கலாம், எதில் பேரம் பேசலாம், எதில் பேசலாகாது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

கிலோமீட்டர் விலை மட்டும் போதாது

வெளியூர்ப் பயணத்திற்கு வண்டி பேசும்போது, "கிலோமீட்டருக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறோம். அதனினும் முக்கியமான கேள்வி, "ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை கிலோமீட்டர் கணக்கிடுவீர்கள்?" என்பதாகும். வண்டி அத்தனை தொலைவு ஓடாவிட்டாலும், அந்தக் குறைந்த அளவுக்குரிய பணத்தை நாம் கொடுத்தே ஆக வேண்டும்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஏழு பேர் அமரும் கார் ஒன்றை இரண்டு நாள்களுக்கு அமர்த்துகிறோம். மொத்த ஓட்டம் 520 கிலோமீட்டர். முதல் உரிமையாளர் கிலோமீட்டருக்கு 19 ரூபாய் கேட்கிறார். நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்கிறார். இரண்டாமவர் 18 ரூபாய்தான் கேட்கிறார். ஆனால் நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் என்கிறார். முதல்வருக்கு நாம் கொடுக்க வேண்டியது 9,880 ரூபாய். இரண்டாமவருக்கோ, 600 கிலோமீட்டருக்கு 10,800 ரூபாய்! மலிவாகத் தோன்றிய வண்டியே 920 ரூபாய் அதிகமாக வாங்குகிறது.

வண்டி எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். நாம் ஏறிய இடத்திலிருந்தன்று, கொட்டகையிலிருந்து புறப்பட்டுக் கொட்டகைக்குத் திரும்பும் வரை கிலோமீட்டர் எண்ணுவது பலரின் வழக்கம். திண்டுக்கல்லிலிருந்து வரும் வண்டிக்குப் போக வர ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான் கூடும். மதுரையிலிருந்து வரும் வண்டிக்கோ 150 கிலோமீட்டர் வரை கூடிவிடும். உள்ளூர் வண்டிக்கு ஒரு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் நமக்கு இலாபமே.

சுங்கச்சாவடிக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், ஓட்டுநர் படி, மலையேற்றக் கட்டணம், வேறு மாநிலம் சென்றால் அதற்குரிய வரி ஆகியவை பேசிய தொகைக்குள் அடங்குமா, தனியா என்பதையும் முன்னதாகவே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இவற்றை ஒரு தாளிலோ, கைப்பேசிச் செய்தியாகவோ எழுதி வாங்கிக்கொள்வது இரு தரப்பாருக்கும் நல்லது. புறப்படும்போதும் இறங்கும்போதும் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் நலம்.

நள்ளிரவு என்னும் எல்லைக்கோடு

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான உரிமையாளர்கள் நாளை 24 மணி நேரமாகக் கணக்கிடுவதில்லை. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்றே கணக்கிடுகின்றனர். வெள்ளி இரவு 10 மணிக்குப் புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பினால், அந்த இரண்டு மணி நேரத்திற்காக முழுதாக ஒரு நாள் கூடிவிடும். மேற்சொன்ன முதல் வண்டிக்கே மூன்று நாள், 750 கிலோமீட்டர், 14,250 ரூபாய் எனக் கணக்கு உயர்கிறது. சனி அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டால் 4,370 ரூபாய் மிச்சமாகும். அந்த இரவில் ஓட்டுநரும் தம் வீட்டில் உறங்கியிருப்பார்.

ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான வேளாங்கண்ணித் திருவிழா நாள்களிலும், தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாள்களிலும் வண்டிகளுக்குத் தேவை மிகும், வாடகையும் உயரும். வார நாள்களில் செல்ல இயன்றவர்கள், இரண்டு வாரங்களுக்கு முன்பே பேசி வைத்தால் தள்ளுபடி கேட்பதற்கு இடமுண்டு. அக்கம்பக்கத்து இரு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வேனை அமர்த்தினால், தலைக்கு விழும் செலவு வெகுவாகக் குறையும். திருத்தலத்தில் பல நாள்கள் தங்கவிருப்போர் வண்டியைக் காத்திருக்க வைக்க வேண்டா. போகும்போது ஒரு வண்டி, வரும்போது ஒரு வண்டி என ஒருவழி வாடகையில் பேசுவதே சிக்கனம்.

மஞ்சள் பலகையின் பொருள்

"தெரிந்தவர் கார், பாதி வாடகைதான்" என்று சொந்த உபயோகக் கார்களை வாடகைக்கு விடுவாரும் உளர். இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துகள். சொந்தக் காருக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துகள். மின்சார வாடகைக் காராயின், பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துகள் இருக்கும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு உரிமம் வேண்டும். அதனினும் கவலைக்குரியது காப்பீடு. சொந்தக் காரின் காப்பீட்டுப் பத்திரம், வாடகைக்கு ஓட்டுவதை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். விபத்து நேர்ந்தால், இழப்பீடு பெறுவதற்கு வழக்குமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடலாம். மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய் அப்போது எதற்கு உதவும்?

தாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களுக்கு 1989-ஆம் ஆண்டில் மத்திய அரசு தனித் திட்டமே வகுத்தது. அவற்றுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகள் இருக்கும். அவற்றை எடுக்கும் இளைஞர்கள், வண்டியிலுள்ள பழைய கீறல்களை முன்னரே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எரிபொருள் அளவையும், முன்பணம் திரும்பக் கிடைக்கும் நாளையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கற்ற பாடம்

இத்தனையும் எழுதும் நாங்கள், ஒருமுறை தவறான இடத்தில் பேரம் பேசியவர்களே. சில ஆண்டுகளுக்கு முன், வயது முதிர்ந்த எங்கள் தாயார் உட்பட ஏழு பேர் வேளாங்கண்ணிக்குச் சென்றோம். ஓட்டுநர் படியையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, கடைசியில் 500 ரூபாயைக் குறைக்கச் செய்தோம். உரிமையாளரும் மறுக்கவில்லை. பெருமிதத்தோடு புறப்பட்டோம்.

திரும்பும்போது இரவாகிவிட்டது. மணப்பாறையைத் தாண்டியதும் கார் மெல்ல விலகிச் சாலையோர மண்ணில் இறங்கியது. தாயார் கூவியதும் ஓட்டுநர் திடுக்கிட்டு வண்டியை நிறுத்தினார். ஒருவருக்கும் காயமில்லை. குழந்தைகள் மட்டும் அழுதன.

"தம்பி, கடைசியாக எப்போது படுத்துத் தூங்கினாய்?" என்று தாயார் கேட்டார்.

"முந்தாநாள் கல்யாண சவாரி அம்மா. விடிய வந்து, முகம் கழுவிக்கொண்டு உங்களுக்கு வந்தேன். நேற்று இரவு வண்டிக்குள்ளேதான் படுத்தேன், கொசுத் தொல்லை" என்றார் அவர். எங்களுக்குக் குறைத்துக் கொடுத்த 500 ரூபாயும் அவருடைய படியிலிருந்தே கழிக்கப்பட்டது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். அங்கேயே இரண்டு மணி நேரம் அவரை உறங்கச் சொல்லிவிட்டு, நாங்கள் சாலையோரம் அமர்ந்திருந்தோம்.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் ஒரு நாள் வேலையை 8 மணி நேரம் என வரையறுத்தது. தொழிலாளியின் உழைப்புக்கு உரிய கூலியையும் ஓய்வையும் பற்றிப் பிறருக்கு எடுத்துரைக்கும் நாம், நம் வண்டியை ஓட்டுபவரிடம் அதை மறந்துவிட்டோம்.

ஆகவே, கிலோமீட்டர் விலையிலும், குறைந்த அளவிலும், புறப்படும் நேரத்திலும் தாராளமாகப் பேரம் பேசுவோம்; அது வீட்டுக் கணக்கு. ஓட்டுநரின் படியில் மட்டும் கை வைக்க வேண்டா. அதை அவர் கையிலேயே கொடுப்போம். தங்குமிடத்தில் அவருக்கும் ஒரு பாய்க்கு இடம் கேட்போம்.

அதன் பின்னரும் பலமுறை வண்டி அமர்த்தியுள்ளோம். வாடகை எவ்வளவு என்று நாங்கள் விசாரிக்கும்போதெல்லாம், தாயார் கேட்கும் கேள்வி ஒன்றே: "நேற்று இரவு அந்தப் பிள்ளை எங்கே படுத்தான்?"