வருஷத்துச் சாமானும் வண்டின் கணக்கும்

சித்தூர், திருப்பதி பக்கம் மாசி, பங்குனியில் புளி மலிவு. சித்திரை, வைகாசியில் ஆவக்காய்க்கு மாங்காய் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மானாவாரி வேர்க்கடலை களத்துக்கு வரும். அந்தந்தப் பருவத்தில் மொத்தமாக வாங்கி வருஷம் முழுக்க வைத்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். விலை எந்த வேகத்தில் ஏறி இறங்கும் என்பதற்கு மதனப்பள்ளித் தக்காளிச் சந்தையே சாட்சி. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, செப்டம்பரில் கேட்பாரற்றுக் கிடந்தது.

ஆனால், மலிவாக வாங்கியதெல்லாம் மிச்சமாகிவிடாது. பருவத்தில் கிலோ 80 ரூபாய்க்குக் கிடைக்கும் பயறு, பிறகு 100 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ வாங்கிப் போட்டால் 200 ரூபாய் லாபம். அதில் 2 கிலோவை வண்டு அரித்துவிட்டால், 800 ரூபாய்க்குக் கையில் நிற்பது 8 கிலோ. கிலோ 100 ரூபாய் என்றாகிவிட்டது. வெயிலில் போட்டு, புடைத்து, டின்னில் அடைத்த உழைப்பு வண்டுக்குப் போன தானம்!

உள்ளே இருக்கும் எதிரி

பயறு வண்டு பெரும்பாலும் நம் வீட்டுக்குள் பறந்து வருவதில்லை. வயலில் காய் முற்றும்போதே முட்டை வைத்துவிடுகிறது. பச்சைப்பயறையோ காராமணியையோ உள்ளங்கையில் பரப்பி உற்றுப் பாருங்கள். தோலின் மேல் குண்டூசி முனையளவு வெள்ளைப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால் அது முட்டை. அதிலிருந்து வரும் புழு நேராகப் பயறுக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வருகிறது. நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். பெண் வண்டு ஒன்று 100 முட்டைகள் வரை இடும். வெளியே வந்த வண்டுக்குத் தீனியே தேவையில்லை. தின்ன வேண்டியதைப் புழுவாக இருந்தபோதே தின்று முடித்துவிட்டது. ஓட்டை நம் கண்ணில் படும்போது நஷ்டம் நடந்து முடிந்திருக்கும்.

உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு. நெடுநாள் வைக்க முழுப் பயறைவிடப் பருப்பே மேல்.

புளியும் கடலையும் பக்கத்தில் வேண்டாம்

இந்த வட்டாரத்துக்கென்றே சொல்ல வேண்டிய வண்டு ஒன்று உண்டு. அறிவியல் பெயர் கேரிடான் செராட்டஸ். இதன் சொந்த வீடு புளியங்கொட்டை. வேர்க்கடலை கிடைத்தால் அதற்கும் தாவிவிடும். தோலின் மேல் முட்டையிடும். புழு ஓட்டைத் துளைத்துப் பருப்பைக் காலி செய்யும். புளிய மரமும் கடலைக் காடும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. புளியை அடித்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைக்கும் வழக்கம் இங்கே இரட்டை நன்மை தருகிறது. புளியும் கெடாது, வண்டுக்கும் பிறக்க இடம் இல்லை. கொட்டையோடு கிடக்கும் புளியைக் கடலை மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது.

ஈரம்தான் முதல் திருடன்

கடலை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருவது இங்குள்ள சங்கடம். ஈரம் போகாத கடலையில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததும், காரணம் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கு என்று தெரிந்ததும்தான் உலகம் இதை அறிந்துகொண்டது. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. அதனால், பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

கடலையில் ஈரம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. அளக்கக் கருவி வேண்டாம். தோலோடு காதருகில் குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடக்க வேண்டும். பயறைக் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும். மொட்டை மாடி வெயிலில் மெல்லிய பரப்பாகக் காயவைத்து, ஆறிய பிறகே டின்னில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

பழைய வைத்தியங்களின் சூட்சுமமும் பெரும்பாலும் இந்த ஈரக் கணக்குதான். துவரைக்குச் செம்மண் கட்டுகிறோமே, அந்த நுண்மண் வண்டின் உடல் மேல் உள்ள மெழுகுப் பூச்சைச் சுரண்டிவிடுகிறது. உடலின் நீர் வற்றி வண்டு சாகிறது. கிலோவுக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவினால் முட்டை மூச்சு முட்டிப்போகும். வேப்பிலையைப் பச்சையாகப் போடாதீர்கள். அதுவே ஈரம் சேர்க்கும். ஆவக்காயிலும் இதே வேலையைத்தான் உப்பு செய்கிறது. நீரைத் தன்பக்கம் கட்டிப்போட்டுவிடுவதால், நுண்ணுயிருக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

தாகத்தில் சாகும் வண்டு

காற்றுப் புகாத டின்னில் வண்டு மூச்சுத் திணறிச் சாகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் பெர்டியூ பல்கலைக்கழகத்து லாரி மர்டாக் குழுவினர் 2012-ல் வேறொரு காரணத்தைக் காட்டினார்கள். காய்ந்த பயறுக்குள் இருக்கும் புழு, தின்ற மாவை ஆக்சிஜனோடு சேர்த்தே தனக்கு வேண்டிய தண்ணீரைத் தயாரிக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்தால் தண்ணீரும் தீரும். புழு உலர்ந்து சாகும்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. பெரிய டிரம் ஒன்றைத் தினமும் திறப்பதைவிட, இறுக்கமான மூடியுள்ள சிறு டப்பாக்களில் விளிம்பு வரை நிரப்பி, ஒன்றொன்றாகத் திறப்பதே சரி. பழையது தீர்ந்த பிறகே புதியதைத் தொடுங்கள்.

வருஷத்துக்கும் வாங்கத் தக்கவை புளி, மிளகாய், ஊறுகாய், நன்றாகக் காய்ந்த பருப்பு. முழுப் பயறும் உரித்த கடலையும் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். காயவைக்க இடமும் இறுக்கமான டப்பாவும் இல்லாத வீட்டில், மாதாமாதம் வாங்குவதே சிக்கனம்.