ஆர்க்கிட் வீட்டுக்குள் வரும் நேரம்!

சுட்டீஸ், ஐஸ்கிரீமில் மணக்கிறதே வனிலா, அது ஓர் ஆர்க்கிட் கொடியின் காய் என்பது தெரியுமா?

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் பலர் கோடையில் ஆர்க்கிட் தொட்டிகளை மரநிழலில் வைத்து வளர்க்கிறார்கள். செப்டம்பரில் இலையுதிர் காலம் தொடங்கியதும் அவற்றை வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

எப்போது எடுப்பது? அதில்தான் சூட்சுமமே இருக்கிறது! வெப்பப் பகுதிச் செடியான பெலனாப்சிஸ் குளிர் தாங்காது. இரவு வெப்பநிலை 13 டிகிரி செல்சியஸை நெருங்கும் முன்பே அதை உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். இமயமலைப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட சிம்பிடியமோ நேர் எதிர்! இலையுதிர் காலத்துக் குளிர்ந்த இரவுகள் கிடைத்தால்தான் அது நன்றாக மொட்டு விடும். அவசரப்பட்டு உள்ளே எடுத்தால் பூ கிடைக்காது. உறைபனி கொட்டும்வரை விட்டுவைத்தால் செடியே கிடைக்காது!

உள்ளே நுழையும் முன் செடிக்குச் சோதனை உண்டு. இலையின் அடியில் மாவுப்பூச்சி, செதில்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொட்டியைச் சிறிது நேரம் தண்ணீரில் அமிழ்த்தினால், ஒளிந்திருக்கும் எறும்புகள் வெளியே ஓடிவரும். அதன் பிறகும் இரண்டு வாரம் மற்ற செடிகளோடு சேர்க்காமல் தனியே வைப்பார்கள். ஒரு செடியின் பூச்சி எல்லாச் செடிக்கும் பரவிவிடக் கூடாதே!

செடிக்குத் தாகம் எடுப்பது எப்படித் தெரியும்? பெலனாப்சிஸின் வேரைப் பாருங்கள். வெள்ளி போல வெளுத்திருந்தால் தண்ணீர் வேண்டும். பச்சையாக இருந்தால் இப்போதைக்குப் போதும் என்று அர்த்தம்!