பழைய எஸ் கிளாஸ் காலையில் ஏன் சாய்ந்து நிற்கிறது?

1998 முதல் 2005 வரை மெர்சிடிஸ் பென்ஸ் செய்த எஸ் கிளாஸ் காருக்கு கம்பெனிக்குள் வழங்கும் பெயர் டபிள்யூ220. வந்த காலத்தில் ஆலை அதிபர்களும் பெரிய நடிகர்களும் ஏறி இறங்கிய வண்டி. இன்று அதே கார் ஒரு புதிய சின்ன ஹேட்ச்பேக்கின் விலைக்கும் கீழே கிடைக்கிறது. ஆசையாக விசாரித்தால் டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர்கூடச் சொல்வார்: “வாங்கிடலாம் சார், வச்சுக்க முடியாது.”

அவர் சொல்வதில் பாதி உண்மை. காரின் விலை இறங்கியிருக்கிறது. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. கம்பெனி ஷோரூமில் போய்க் கேட்டால், இன்றும் ஒரு பெரிய காருக்கு உரிய விலையைத்தான் சொல்வார்கள். இதை ஏற்றுக்கொண்டு மேலே நடப்போம். மீதிப் பாதியில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

“வச்சுக்க முடியாது” என்று சொல்பவர்கள் மனதில் ஒரு சித்திரம் உண்டு. இருபது வயதாகிவிட்டது, இனி கியர்பாக்ஸ் போகும், கம்ப்ரசர் போகும், கம்ப்யூட்டர் போகும், ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் வைக்கும் என்று. நடப்பது வேறு. அந்தப் பெரிய பாகங்கள் நன்றாகவே செய்யப்பட்டவை. முதலில் மூப்படைவது ரப்பர், பிளாஸ்டிக், ஆயில் சீல், வயர் சாக்கெட் போன்ற சில்லறைச் சாமான்கள். அவை கெட்டதைக் கவனிக்காமல் ஓட்டும்போது, அவையே பெரிய பாகத்தைச் சாகடிக்கின்றன. நாம் பெரியதை மாற்றிவிட்டுச் சின்னதை அப்படியே விட்டுவிடுகிறோம். அதனால் அதே பில் திரும்ப வருகிறது.

இந்தக் காரின் சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்வோம். பெயர் ஏர்மேடிக். சாதாரணக் காரில் சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருள் இருக்கும் இடத்தில், இதில் காற்று அடைத்த ரப்பர் பை இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் நான்கு பை; நான்குக்கும் காற்று கொடுக்க முன்பக்கம் ஒரு கம்ப்ரசர்; எந்தப் பைக்கு எப்போது காற்று போக வேண்டும் என்று திறந்து மூடும் வால்வு பிளாக். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று உயர சென்சார்கள் பார்த்துச் சொல்லும். பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் பின்பக்கம் தாழும். உடனே கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடித் தூக்கிவிட்டு நின்றுவிடும். பாலம் இறங்கும்போது இந்த வண்டி மிதப்பதுபோல் இருப்பதற்கு இந்தக் காற்றுதான் காரணம்.

அந்த ரப்பர் பை ஒவ்வொரு குலுக்கலிலும் ஒரே இடத்தில் மடிந்து விரிகிறது. வருடங்கள் போனதும் அந்த மடிப்பில் மயிரிழைபோல் வெடிப்பு விழும். பகலில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கசியும் காற்றைக் கம்ப்ரசர் ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. இரவு வண்டி நின்றபின் காற்று மெல்ல இறங்கி, காலையில் ஒரு மூலை தரையோடு உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும். “ஓடினா சரியாயிடுது” என்று சொல்லி ஆறு மாதம் ஓட்டுவார்கள்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு கசிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டி நிறையவே நிறையாது. கீழே மோட்டார் இரவு பகலாக ஓடும். ஒருநாள் காயில் கருகிவிடும். புது மோட்டார் போடுகிறோம், கசிவை அடைக்கவில்லை. அடுத்த மோட்டாரும் கருகத்தானே செய்யும்? எஸ் கிளாஸிலும் இதுவேதான். அந்தக் கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடி ஓய்வெடுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஓயாமல் ஓடினால் சூடேறி, உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்துபோகும். அதை இயக்கும் ரிலேயும், அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் அந்தச் சின்னப் பெட்டியும், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலே கம்ப்ரசரை நிற்கவே விடாது.

ஆகவே பழுதுபார்க்கும் வரிசை முக்கியம். முதலில் சோப்புத் தண்ணீர். பையின் மடிப்பிலும், மேலே காற்றுக்குழாய் சேரும் இடத்திலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் பெரும்பாலும் அந்த மூலையின் பை அல்லது அதன் குழாய் இணைப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட மூலைகள் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கையும் சந்தேகப்படலாம். கசிவை அடைத்தபிறகுதான் கம்ப்ரசரின் பேச்சு. கம்ப்ரசர் மாற்றினால் கூடவே ரிலேயையும் மாற்ற வேண்டும். அந்த ரிலேயின் விலையை மிச்சம் பிடித்துக் கம்ப்ரசரை இழந்தவர்கள் உண்டு. கேட்கும்போது மனசு வலிக்கும்.

“ஸ்கேனர் போட்டா தெரிஞ்சுடுமே” என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்போம். ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடு, எந்தப் பாகம் கெட்டது என்பதைச் சொல்வதில்லை. எந்த அளவு எதிர்பார்த்தபடி வரவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ‘சொன்ன நேரத்துக்குள் வண்டி சொன்ன உயரத்துக்கு எழவில்லை’ என்று கம்ப்யூட்டர் எழுதிவைக்கும். பை கசிந்ததா, கம்ப்ரசர் களைத்ததா, ரிலேயா, ஃப்யூஸா, பேட்டரியில் வோல்ட் இறங்கியதா என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது மனிதனின் வேலை. குறியீட்டைப் பார்த்ததும் பாகத்தை ஆர்டர் செய்யும் மெக்கானிக், நம் பணத்தில் ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கிறார். மலிவான பொது ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சினோடு நின்றுவிடும்; சஸ்பென்ஷன் பக்கம் போக, மெர்சிடிஸுக்கென்றே உள்ள ஸ்டார் டயக்னோசிஸ் போன்ற கருவி வேண்டும். அதற்கும் முன்னால் பேட்டரியைச் சோதியுங்கள். பலவீனமான பேட்டரி இந்த வண்டியில் சம்பந்தமே இல்லாத பல எச்சரிக்கைகளை ஒரே நேரத்தில் எரியவைக்கும்.

கியர்பாக்ஸிலும் இதே கதை. இந்தக் கார்கள் பலவற்றில் இருப்பது 722.6 என்ற ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், மிக உறுதியான பெட்டி. அதன் பக்கவாட்டில் 13 பின் கொண்ட ஒரு வயர் சாக்கெட் நுழைகிறது. அதைச் சுற்றி ரப்பர் வளையங்கள். சூட்டில் அவை விறைத்துப்போனால் கியர் ஆயில் கசியும். கீழே சொட்டுவதோடு நிற்காமல், வயரின் இழைகளுக்கு நடுவே ஊறி ஏறி, கியரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி வரைக்கும் போய்விடும். பிறகு ஒருநாள் வண்டி இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொண்டு மூச்சுவாங்கும். இது கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. “கியர்பாக்ஸ் போச்சு” என்ற தீர்ப்பை ஏற்பதற்கு முன், அந்தச் சாக்கெட்டைக் கழற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சந்தேகம், பெட்டிக்குள் வேக சென்சார்கள் பதிந்திருக்கும் பிளாஸ்டிக் தகடு. இரண்டையும் மாற்றினாலும், பெட்டியையே மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

இந்தக் கியர் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று கம்பெனி முதலில் சொன்னது. பின்னால் மாற்றச் சொன்னது. முந்திய பேச்சை நம்பிய கார்களில் ஆயில் கறுத்துக் கிடக்கிறது. மெர்சிடிஸ் 236.14 தரத்துக்கு உட்பட்ட ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது, இந்தக் காரை வாங்கிய மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை. கூலன்ட்டும் அப்படியே. எஸ்320, எஸ்350 பெட்ரோல் எஞ்சின் அலுமினியம். போர் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே அரிக்கும். அதே எஞ்சினில் சிலிண்டர் ஆறு, ஸ்பார்க் பிளக் பன்னிரண்டு! பன்னிரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சூடானதும் எஞ்சின் நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால், பெட்ரோல் பம்பைக் கழற்றுவதற்கு முன் கிராங்க் சென்சாரைப் பாருங்கள்.

பாகம் வாங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நட்சத்திரம் போட்ட பெட்டிக்குள் இருப்பதில் பெரும்பகுதியை மெர்சிடிஸ் தானே செய்வதில்லை. சென்சாரைச் செய்வது பாஷ், ஆர்ம்களையும் பால் ஜாயின்ட்களையும் செய்வது லெம்ஃபோர்டர், ஃபில்டரைச் செய்வது மான் அல்லது மாலே, காற்றுப் பையோடு சேர்ந்த ஸ்ட்ரட்டைச் செய்வது பில்ஸ்டைன். அதே தொழிற்சாலைப் பொருள் அவர்கள் பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தவறான பாகம் வாங்காமலிருக்க, ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பாக எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காரின் ஸ்ட்ரட் எண் ஏ 220 32 என்று தொடங்கும்: 220 மாடல், 32 சஸ்பென்ஷன் பிரிவு. எண் கையில் இருந்தால் கடைக்காரரோடு பேசுவது எளிது.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடலாமா என்றால், தாராளமாக. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, சுவிட்ச், சீட், ஹெட்லைட் எல்லாம் அங்கே வாங்கலாம். ரப்பர் உள்ள எதையும் பழையதாக வாங்காதீர்கள். நம் வண்டியில் கெட்டது வயதால்தான், அங்கே கிடப்பதற்கும் அதே வயது. காற்றுப் பையை எடுத்துவிட்டு இரும்புச் சுருள் போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். கையில் பணமே இல்லாத நிலைமையில் அது ஒரு வழி. ஆனால் அந்த மிதப்புக்காகத்தானே இந்தக் காரை விரும்பினோம்? ரப்பரை மட்டும் மாற்றிப் புதுப்பித்த ஸ்ட்ரட் கிடைத்தால் அதையே போடச் சொல்வேன்.

எதை வாங்குவது? பன்னிரண்டு சிலிண்டர் எஸ்600 மலிவாகக் கண்ணில் படும், விட்டுவிடுங்கள். அதில் காற்றுக்குப் பதில் உயர் அழுத்த எண்ணெயில் இயங்கும் ஏபிசி சஸ்பென்ஷன் இருக்கிறது. அதன் பம்பும் குழாய்களும் சிறு பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. எஸ்320 அல்லது எஸ்350 பாருங்கள். விற்பவரிடம் சொல்லி வண்டியை ஓர் இரவு முழுக்க நிற்கவைத்து, காலையில் சாவி போடுவதற்கு முன் நான்கு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வாங்கும் விலையில் பாதியாவது முதல் வருட வேலைக்கென்று தனியாக எடுத்துவைக்க முடியாவிட்டால் அந்த வண்டி வேண்டாம். இதில் நான் சமரசம் செய்யமாட்டேன். இந்தக் கார்கள் எல்லாமே 15 வருடம் தாண்டியவை. அதனால் எஃப்.சி. எடுத்து ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா, பசுமை வரி கட்டியிருக்கிறதா, வேறு மாநில நம்பர் என்றால் என்.ஓ.சி. கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.