எடை குறைந்த உடலும் குறையாத பிம்பமும்

உடல் பிம்பம் என்பது ஒருவர் தம் உடலைப் பற்றித் தம் மனத்தில் வைத்திருக்கும் படமும், அந்தப் படத்தோடு ஒட்டியிருக்கும் பெருமை, கூச்சம், வெறுப்பு போன்ற உணர்வுகளும் சேர்ந்த ஒன்று என மனநல அறிஞர்கள் விளக்குகின்றனர். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் பால் ஷில்டர் 1935இல் வெளியிட்ட நூலில், இந்தப் படம் கண்ணாடியிலிருந்து மட்டும் உருவாவதில்லை என்றும், பிறர் நம்மைப் பார்க்கும் விதமும் பேசும் விதமும் அதில் கலந்திருக்கின்றன என்றும் விரிவாக எழுதினார். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பதின்பருவத்தினரிடம் அவர் சொன்னது மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஏனெனில், அவர்களது உடல் சில மாதங்களில் மாறிவிடுகிறது, மனத்திலுள்ள படமோ அந்த வேகத்தில் மாறுவதில்லை.

இன்று பரவலாகச் செய்யப்படும் 'சிலீவ்' அறுவையில், இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலான பகுதி நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாய்போல் தைக்கப்படுகிறது. உண்ணும் அளவு குறைவது இதன் ஒரு விளைவு மட்டுமே. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் ஹார்மோனைச் சுரக்கும் மேற்பகுதியின் பெரும்பங்கு நீங்குவதால் பசி உணர்வே தணிகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த இந்த ஹார்மோன்தான், பருமன் என்பது வெறும் உணவுக் கட்டுப்பாடின்மையன்று, உடலின் வேதியியலோடு பிணைந்தது என்பதற்கான உறுதியான சான்றுகளில் ஒன்று. வயிற்றில் சில சிறு துளைகளிட்டுச் செய்யும் நுண்துளை அறுவை முறை சிலீவ் சிகிச்சையைப் பெரிதும் எளிதாக்கியது. டாக்டர் சி. பழனிவேலுவின் ஜெம் மருத்துவமனை நுண்துளை அறுவையில் நாடறிந்த இடம் பெற்றிருக்கும் கோயம்புத்தூர், பொள்ளாச்சிச் சாலையிலுள்ள கிணத்துக்கடவு போன்ற சிற்றூர்களிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே கொங்கு வட்டாரக் குடும்பங்களுக்கு அறுவை மேசை தொலைவிலில்லை.

பதின்பருவத்தில் இந்த அறுவையை எப்போது பரிசீலிக்கலாம் என்பதற்குத் திட்டமான வரையறைகள் உண்டு. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை குறியீட்டெண் 35ஐத் தாண்டி, சர்க்கரை நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்ற கடும் இணை நோய்களும் இருந்தால், அல்லது அந்த எண் 40ஐ எட்டினால் பரிசீலிக்கலாம் என்பதே அவற்றின் சாரம். 160 செ.மீ. உயரமுள்ள ஒரு மாணவிக்கு 35 என்பது ஏறத்தாழ 90 கிலோ. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தீவிரப் பருமனுள்ள 13 வயதினரையும் அதற்கு மேற்பட்டோரையும் அறுவை மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது. தமிழ்நாட்டில் பருமன் யாருக்கோ நேரும் சிக்கல் அன்று. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் மாநிலப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது பருமன் உடையவர்களாக இருந்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சென்னைப் பள்ளிகளில் நடத்தப்பட்ட 'ஆரஞ்சு' ஆய்வில், தனியார் பள்ளிப் பிள்ளைகளில் 21.4 விழுக்காட்டினரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் 3.6 விழுக்காட்டினரும் அந்நிலையில் இருந்தனர். இவர்களில் அறுவை தேவைப்படுவோர் மிகச் சிலரே. ஆனால் எடைக்காகக் கேலிக்குள்ளாவோர் மிகப் பலர்.

அறுவையின் உடல்சார் பலன்களில் ஐயத்துக்கு இடமில்லை. அமெரிக்காவின் ஐந்து மையங்களில் 242 பதின்பருவத்தினரைப் பின்தொடர்ந்த 'டீன்-லேப்ஸ்' ஆய்வில், மூன்றாண்டு முடிவில் சராசரியாக எடையில் 27 விழுக்காடு குறைந்திருந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தவர்களில் 95 விழுக்காட்டினருக்கு அது தணிந்திருந்தது. அதே வேளையில் பாதிக்கும் மேற்பட்டோரிடம், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் 'ஃபெரிட்டின்' குறைவாக இருந்தது என்பதையும், அறுவைக்குப் பின் பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுதும் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மனம் சார்ந்த முடிவுகள் இவ்வளவு நேராக இல்லை. சின்சினாட்டியில் மெக் ஸெல்லர் தலைமையில் ஒரு சிறு குழுவினரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மனச்சோர்வு அறிகுறிகளும் தம்மைப் பற்றிய மதிப்பீடும் முதலாண்டில் நன்கு மேம்பட்டு, இரண்டாம் ஆண்டில் சிறிது பின்வாங்கின. சுவீடனின் 'ஏமோஸ்' ஆய்வு, 13 முதல் 18 வயதுக்குள் அறுவை செய்துகொண்ட 81 பேரை ஐந்தாண்டுகள் கவனித்தது. எடை பெரிதும் குறைந்த நிலையிலும் தன்மதிப்பு சிறிதளவே உயர்ந்தது, பொதுவான மனநிலையில் பெரிய மாற்றம் தென்படவில்லை, மனநலச் சிகிச்சையின் தேவையும் மறைந்துவிடவில்லை என்று 2020இல் வெளியான அதன் அறிக்கை கூறுகிறது. அறுவை தோற்றது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. வயிற்றைச் சீராக்கும் ஒரு சிகிச்சையிடம், பள்ளிப் பருவம் முழுதும் மனத்தில் படிந்த காயத்தையும் ஆற்றித் தருமாறு எதிர்பார்த்ததுதான் தவறு.

அந்தக் காயம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பழைய ஆய்வுகளே விடை தருகின்றன. 1961இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் ஆறு சிறார்களின் படங்களைக் கொடுத்து விருப்ப வரிசைப்படி அடுக்கச் சொன்னபோது, ஊன்றுகோலுடன் இருந்த பிள்ளைக்கும் சக்கர நாற்காலியில் இருந்த பிள்ளைக்கும் பின்னால், கடைசி இடத்தில் வைக்கப்பட்டது பருமனான பிள்ளைதான். 1967இல் ஆல்பர்ட் ஸ்டன்கார்டும் மெண்டல்சனும் உடல் பிம்பச் சிதைவு பருமனான எல்லோரிடமும் இல்லை என்றும், சிறுவயதிலோ பதின்பருவத்திலோ பருமனானவர்களிடமே அது ஆழமாக இருக்கிறது என்றும் பதிவு செய்தனர். உடல் உருவாகும் காலத்திலேயே கேட்ட வசவுகள் உடலோடு சேர்ந்தே வளர்கின்றன. அதனால்தான் எடை குறைந்த பின்னும் குறுகலான வாசலில் உடலைத் திருப்பிக்கொண்டு நுழைவது, கடையில் பழைய அளவுச் சட்டையையே கேட்பது போன்ற நடத்தைகள் நீடிக்கின்றன.

கொங்கு வட்டாரத்தில் இந்தப் பிம்பத்தை உருவாக்கும் இடங்கள் வகுப்பறையும் கல்யாணப் பந்தியும்தான் எனலாம். 'குண்டு' என்ற பட்டப்பெயர் வருகைப் பதிவேட்டுப் பெயரைவிட வேகமாக ஒட்டிக்கொள்ளும் வகுப்பில் வளர்ந்த பிள்ளை, அறுவைக்குப் பின் ஒரு விசேஷ வீட்டுக்குச் செல்லும்போது வேறொரு தீர்ப்பைக் கேட்க நேர்கிறது. "என்ன கண்ணு, இப்பிடி இளைச்சுப் போயிட்டே, ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா?" என்று அத்தைமார் தாயிடமும் பிள்ளையிடமும் அங்கலாய்ப்பது அன்பினால்தான், ஆயினும் மெலிவை நோயோடும் துயரத்தோடும் இணைத்தே பார்த்துப் பழகிய அந்த அன்பு, முன்பு 'அதிகம்' என்று சொல்லப்பட்ட உடலை இப்போது 'போதவில்லை' என்கிறது. இலையில் இரண்டாம் முறை சோறு வைக்க வரும்போது, தம் இரைப்பை ஒரு சிறு கிண்ண அளவுக்கு மேல் கொள்ளாது என்பதைச் சபையில் விளக்கவும் முடியாமல், மறுத்தால் விருந்தோம்பலை அவமதித்ததாகும் என்ற தயக்கமும் விடாமல், பதினாறு வயதுப் பிள்ளை படும் பாடு எந்த ஆய்வின் வினாநிரலிலும் பதிவாவதில்லை. திரையும் இதற்கு உடந்தையாகவே இருந்திருக்கிறது: பருமனான உடலை நகைச்சுவைக்கென்றே ஒதுக்கி வைத்த தமிழ்ப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, அனுஷ்கா எடை கூட்டி நடித்த 2015ஆம் ஆண்டின் 'இஞ்சி இடுப்பழகி' போல அத்தகைய பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தியவை அரிதே.

உடலும் சில புதிய சுமைகளைத் தருகிறது. விரைவாக எடை குறையும்போது, விரிந்து பழகிய தோல் அதே வேகத்தில் சுருங்காமல் வயிற்றிலும் மேற்கையிலும் தொடையிலும் மடிந்து தொங்குகிறது. உராய்வால் புண்ணும் அரிப்பும் வருகின்றன. இதனால் எடை குறைந்த பிள்ளை விளையாட்டு உடை அணிய முன்பைவிட அதிகமாகத் தயங்கக்கூடும். அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் முடி உதிர்வதும் வழக்கம். பெரும்பாலும் அது தானே நின்று மறுபடி வளர்கிறது என்றாலும், பின்னலை அழகின் அடையாளமாகக் கொண்டாடும் குடும்பத்தில் ஒரு மாணவிக்கு அது எடையைவிடப் பெரிய இழப்பாகத் தோன்றலாம். இவற்றை முன்கூட்டியே சொல்லாமல், 'முன்', 'பின்' என்று இரு படங்களை மட்டும் காட்டுவது நேர்மையான மருத்துவம் ஆகாது.

ஆகவே அறுவைக்கு முந்தைய மனநல மதிப்பீடு, கையெழுத்துக்கான சடங்காக இருக்கக் கூடாது. பிள்ளை என்ன எதிர்பார்க்கிறது, முடிவு அதனுடையதா, பெற்றோருடையதா, வரன் பார்க்கும் அவசரம் ஏதும் பின்னால் இருக்கிறதா என்பவற்றைப் பெற்றோர் இல்லாமலும் ஒரு முறை கேட்க வேண்டும். எடை இறங்கும் வேகம் தணிந்து பாராட்டுகளும் ஓயும் இரண்டாம் ஆண்டில்தான் உளவியலாளரின் தேவை கூடுகிறது. கிணத்துக்கடவு போன்ற ஊரில் படிக்கும் பிள்ளை அப்போது பேருந்தேறி நகர மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடவும் வாய்ப்பு மிகுதி. அந்த இடைவெளியை நிரப்ப, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் இலவச மனநலத் தொலைபேசிச் சேவை (14416) இருக்கிறது. தோல் மடிப்புகளை நீக்கும் அறுவையை எடை ஓராண்டுக்கு மேல் நிலைத்த பின் பேசுவது, இரத்தப் பரிசோதனைக்கு வரும் அதே நாளில் மனநல ஆலோசனையையும் வைப்பது, விருந்தில் என்ன சொல்லி மறுப்பது என்பதைப் பிள்ளையோடு அத்தை, பாட்டியையும் உட்காரவைத்துப் பழக்குவது ஆகியவை மருத்துவக் குழுவின் கைக்கெட்டும் வேலைகளே.