பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வருமா?

காலாண்டுத் தேர்வு வேதியியல் தாள் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடியது அந்த மூன்று மார்க் கேள்வியைத்தான். "மூலக்கூறில் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது" என்று எழுதியிருந்தேன். பெரிய முட்டை!

விடுவேனா? உயிரியல் நோட்டைத் தூக்கிக்கிட்டு சாரிடம் போனேன். ஏ.டி.பி.யின் பாஸ்பேட் பிணைப்பு உடைந்து உடலுக்கு ஆற்றல் கிடைக்கிறது என்று அதில் எழுதி, டிக்கும் வாங்கியிருந்தேன். ஒரே விஷயம் ஒரு பாடத்தில் சரி, இன்னொன்றில் தப்பா?

சார் திட்டவில்லை. ஆய்வகத்திலிருந்து ஒட்டியிருந்த இரண்டு காந்தங்களைக் கொடுத்து, "பிரிடா" என்றார். இழுத்துப் பிரித்தேன். "இப்ப கிட்டக் கொண்டு போ." டக்கென்று ஒட்டியதில் என் விரல் நசுங்கியது. "பிரிக்கும்போது சக்தியைச் செலவழிச்சது யாரு? ஒட்டும்போது சத்தமும் அடியும் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அணுக்களைச் சேர்த்து வைப்பது எலக்ட்ரான்கள், காந்தம் வெறும் உவமைதான். ஆனால் கணக்கு ஒன்றே: பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்கணும், பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் வெளியே வரும்.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்வதைப் பாருங்கள். ஒரு மோல் ஹைட்ரஜனின் பிணைப்பை உடைக்க 436 கிலோ ஜூல், குளோரினுக்கு 242. மொத்தச் செலவு 678. உண்டாவது இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு. மோலுக்கு 431 வீதம் வரவு 862. மிச்சம் 184 கிலோ ஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. இது வெப்ப உமிழ் வினை. மிச்சம் வருதே என்று தானாகவும் தொடங்கிவிடாது. இந்தக் கலவை இருட்டில் சும்மா இருக்கும், நல்ல வெயில் பட்டால் வெடிக்கும். குளோரினின் பலவீனமான பிணைப்பை முதலில் உடைத்துக் கொடுப்பது ஒளிதான்.

எனக்கு இன்னொரு சந்தேகம். காற்றில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்தே இருக்கே, தீக்குச்சி கிழித்தால் காற்றே ஏன் பத்திக்கலை? கணக்குப் போட்டேன். நைட்ரஜனின் முப்பிணைப்புக்கு 945, ஆக்ஸிஜனுக்கு 498, செலவு 1443. இரண்டு மோல் நைட்ரிக் ஆக்சைடு உண்டானால் வரவு சுமார் 1262தான். 181 கிலோ ஜூல் நஷ்டம்! இது வெப்பம் கொள் வினை. மின்னல் மாதிரி கடும் வெப்பம் இருந்தால்தான் நடக்கும். நம்ம தீக்குச்சிக்கு அந்தத் தெம்பு இல்லை. நல்லவேளை!

சரி, ஏ.டி.பி.? அது தனியாக உடைவதில்லை, நீருடன் வினைபுரிகிறது. பழைய பிணைப்பை உடைக்க அங்கேயும் செலவு உண்டு. ஆனால் புதிதாக உண்டாகும் பிணைப்புகளும், ஏ.டி.பி.யும் பாஸ்பேட்டும் விலகியதும் அவற்றைச் சூழ்ந்துகொள்ளும் நீரும்... மன்னிக்கவும், ஏ.டி.பி. இல்லை, ஏ.டி.பி. போய் மிஞ்சும் ஏ.டி.பி.யின் தம்பி, அதாவது அடினோசின் டைபாஸ்பேட்! அந்த வரவெல்லாம் சேர்ந்து செலவை மிஞ்சுகிறது. மோலுக்குச் சுமார் 30 கிலோ ஜூல் கிடைக்கிறது. 'உயர் ஆற்றல் பிணைப்பு' என்ற பெயர்தான் என்னைக் கவிழ்த்தது.

மூன்று மார்க்கை சார் கடைசிவரை தரவில்லை. உயிரியல் நோட்டில் அந்த வரிக்கு மேலே 'நீருடன் வினைபுரிந்து' என்று நானே பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

- பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்