ஆயிரம் வழக்கு, ஒரு நீதிபதி



அண்மையில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, அமெரிக்காவில குளிசைக்கு நட்டஈடு கட்டின மேர்க், எங்கட டார்ம்ஸ்டாட் மேர்க் தானே?" அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

இல்லை, இரண்டும் வேறு. 1668இல் இங்கே ஒரு மருந்துக்கடையாகத் தொடங்கிய நிறுவனம், 1891இல் நியூயோர்க்கில் கிளை திறந்தது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கா அந்தக் கிளையைப் பறித்தது. 1917 முதல் அது தனி நிறுவனம். வயோக்ஸ் என்ற மூட்டுவலிக் குளிசை அந்த அமெரிக்க நிறுவனத்தினுடையது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும், 2004 செப்டெம்பர் 30இல் அதை உலகெங்கும் மீளப்பெற்றார்கள்.

பிறகு ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு நீதிமன்றமும் அதே ஆவணங்களைக் கேட்டு, அதே விஞ்ஞானிகளை விசாரித்தால் வழக்கு எப்போது முடியும்? இதற்கு அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஒரேமாதிரியான சமஷ்டி நீதிமன்ற வழக்குகளை, ஏழு நீதிபதிகள் கொண்ட குழு ஒரே நீதிபதியிடம் அனுப்பும். விசாரணைக்கு முந்திய வேலைகளை அவர் பார்ப்பார். வயோக்ஸ் வழக்குகள் 2005இல் நியூ ஓர்லியன்ஸ் நீதிபதி எல்டன் ஃபாலனிடம் போயின.

ஆனால் வழக்குகள் ஒன்றாகக் கரைந்துவிடவில்லை. "ஆபத்து நிறுவனத்துக்கு எப்போது தெரியும்?" என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்வி. "எனக்கு வந்த மாரடைப்பு இதனால்தானா?" என்பது அவரவர் கேள்வி. 2007 நவம்பரில் 485 கோடி டொலருக்கு இணக்கம் வந்தபோதும், மாரடைப்போ பக்கவாதமோ வந்ததற்கும், குறைந்தது 30 குளிசை பெற்றதற்கும் ஒவ்வொருவரும் ஆதாரம் காட்டவேண்டியிருந்தது.

பிரான்ஸ், இத்தாலி நோயாளர்களும் அங்கே போனார்கள். உங்கள் நாட்டு நீதிமன்றமே பொருத்தமானது என்று ஃபாலன் 2006இல் அவர்களைத் திருப்பிவிட்டார். ஆகவே நாங்கள் ஜேர்மனிய வழியைத் தெரிந்திருக்க வேண்டும்.

2023 ஒக்டோபர் முதல் இங்கே நுகர்வோர் சங்கங்கள் பலருக்காகச் சேர்த்து நட்டஈட்டு வழக்குப் போடலாம். பாதிக்கப்பட்டவர்கள் பொன் நகரிலுள்ள சமஷ்டி நீதி அலுவலகப் பதிவேட்டில் பெயர் பதியவேண்டும். அதற்குக் கட்டணமில்லை, சட்டத்தரணியும் கட்டாயமில்லை. ஆனால் கோரிக்கைகள் ஒரேதன்மையாக இருக்கவேண்டும். உடலுக்கு வந்த பாதிப்பு ஆளுக்காள் வேறுபடுவதால், பெரும்பாலும் தனிவழக்கே மிஞ்சும். அதற்குப் பொதுவான கால எல்லை, விடயம் தெரியவந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டுகள்.

எந்த வழியில் போனாலும் கேட்கப்படுவது ஆதாரம்தான். எங்கள் வீடுகளில் குளிசை முடிந்ததும் பெட்டி குப்பைக்குப் போகிறது. வைத்தியரின் கடிதத்தைப் பிள்ளை வாசித்துச் சொன்னதும் அதுவும் போகிறது. இனி ஒரு கோப்பு வையுங்கள். மருந்துச்சீட்டின் பிரதி, இலக்கம் போட்ட பெட்டி, வைத்தியசாலைக் கடிதம், எப்போது தொடங்கி எப்போது நிறுத்தினீர்கள் என்ற குறிப்பு, எல்லாம் அதில் இருக்கட்டும். மருந்தில் சந்தேகம் வந்தால், நீங்களாக நிறுத்தாமல் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

அந்த அக்கா கோப்பு வாங்கிவிட்டார். நீங்கள்?